தொகை எழுதாத சிட்டை

2024 செப்டம்பர் 9ஆம் நாள் மாலை நான் கல்லூரியிலிருந்து வீடு திரும்பியபோது, அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் அரிவாள்மனையைப் போட்டுக் கொத்தவரங்காய் அரிந்துகொண்டிருந்தாள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் வாயில்களுக்கு அதிகாரிகள் சீல் வைக்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம். வாடகை பாக்கி சுமார் 730 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொல்கிறது. எனவே குத்தகை ரத்து. செய்தி வாசித்த பெண் '730 கோடி' என்று அழுத்திச் சொன்னபோது அம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

"அவுகளும் பாக்கியா?" என்றாள். பிறகு அரிந்த காயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கிண்டி என்ற ஊர்ப்பெயர் எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளாக யாராலும் உச்சரிக்கப்படாதது. விமான நிலையத்துக்குப் போகிற வழியைச் சொல்ல நேர்ந்தால்கூட 'சைதாப்பேட்டை தாண்டி' என்றுதான் சொல்வோம். அன்று அம்மா அதைப் பற்றி வாய் திறந்தது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. சீல் வைத்தது சிறிய செய்தி. நிலம் யாருக்கு என்னும் வழக்கு அதன் போக்கில் போகட்டும். நான் இங்கே எழுத நினைப்பது, அந்த மைதானத்தில் ஓடிய குதிரைகளைத் தாளில் வைத்து வாசித்த ஒரு மனிதரைப் பற்றி. அவர் என் அப்பா.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் இருக்கிறது அமராவதிபுதூர். இலக்கிய அன்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால், கண்ணதாசன் சிறு வயதில் படித்த குருகுலம் இருந்த ஊர் என்ற அளவில் தெரிந்திருக்கும். எங்கள் வட்டாரத்து ஆண்கள் கணக்கெழுதப் பிறந்தவர்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். என் அப்பா 1966இல் பத்தொன்பது வயதில் மண்ணடிக்குப் போய், ஓர் இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். சிட்டையில் அன்றாட வரவு செலவு, அதிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்று வரவு, வருடக் கடைசியில் ஐந்தொகை. இருபத்தேழு ஆண்டு அவர் எழுதிய கணக்கில் ஐந்தொகை ஒரு பைசா இடித்ததில்லை என்று கடைக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் மண்ணடியில் ஒரு பழைய வீட்டின் ஒண்டுக்குடித்தனப் பகுதியில் இருந்தோம். பந்தய நாளுக்கு முந்தின இரவு, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அப்பா தரையில் பாயை விரித்து ரேஸ் புத்தகத்தைப் பிரிப்பார். பக்கத்தில் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கம். அதில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல், இரண்டு, மூன்று என்று நிருபர் தம் தேர்வுகளைக் கொடுத்திருப்பார். கடைசியில் 'இந்த நாளின் சிறந்த தேர்வு' என்று ஒரே ஒரு குதிரை. அப்பா அதை முதலில் படிக்க மாட்டார். மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தம் தேர்வை எழுதி முடித்த பிறகே எடுத்து ஒப்பிடுவார். உரையாசிரியரைப் பாராமல் மூலத்தை ஒரு முறையாவது படித்துவிடு என்று என் மாணவிகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்வது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உறக்கம் வராத குழந்தை. அவர் எனக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். குதிரையின் பெயருக்கு முன்னால் இருக்கும் எண்கள் அது கடைசியாக ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்பதைச் சொல்லும். பிறகு அதன் வயது, தந்தை, தாய், பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, எந்தக் கூண்டிலிருந்து புறப்படுகிறது என்ற எண்.

"ஜெயிச்ச குதிரையப் பாக்காத ஆத்தா. அத எல்லாரும் பாத்துருப்பாக. நாலாவதா வந்துச்சே, அது எப்படி வந்துச்சுன்னு பாரு."

இது அவருடைய முதல் சூத்திரம். 1200 மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்த குதிரை, கடைசி இருநூறு மீட்டரில் பின்னாலிருந்து எட்டுக் குதிரைகளைத் தாண்டி வந்திருந்தால், அடுத்த முறை 1400 மீட்டர் ஓட்டத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் தரை கிடைக்கிறது. மாறாக, முன்னாலேயே ஓடி வந்து கோட்டுக்கருகில் மூச்சு வாங்கிய குதிரையின் நீளம் அவ்வளவுதான். அதைக் குறைந்த தூரத்தில் பார்க்க வேண்டும். வளைவு சீக்கிரம் வரும் ஓட்டமானால் உட்கம்பிப் பக்கம் கூண்டு கிடைத்ததற்குத் தரை மிச்சம். பெரிய ஜாக்கி இறங்கிப் புதுப்பையன் ஏறினால் அது கெட்ட சகுனம் ஆகாது. கற்றுக்குட்டி ஜாக்கிகளுக்கு எடையில் சலுகை உண்டு.

எடை என்பதுதான் அவர் மிகவும் ரசித்த பகுதி. பெரும்பாலான பந்தயங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. ஒவ்வொரு குதிரைக்கும் தரப்புள்ளி உண்டு. ஜெயித்தால் புள்ளி ஏறும். புள்ளி ஒன்று ஏறினால் முதுகில் அரைக் கிலோ ஏறும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத்தகடு வைத்து நிரப்புவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும் என்று கணக்குப் போட்டே இந்த எடை நிர்ணயிக்கப்படுகிறது. நன்றாகப் படிக்கிற மாணவனின் கையைக் கட்டிவிட்டு எல்லாரும் ஒரே மதிப்பெண் வாங்கும்படி ஒருவர் தேர்வு நடத்துவதாக நினைத்துப் பாருங்கள். அப்படி எடை வைக்கும் அதிகாரியை அப்பா 'எடைக்காரர்' என்பார். எப்போதும் மரியாதையோடுதான். "நம்ம வேலையெல்லாம் எடைக்காரர் எங்க அசந்துட்டாருன்னு கண்டுபிடிக்கிறதுதான்" என்பார். ஒரு கணக்குப்பிள்ளை இன்னொரு கணக்குப்பிள்ளையின் ஏட்டைத் தணிக்கை செய்யும் குரல் அதில் இருக்கும்.

நான் கிண்டி மைதானத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. எனக்கு அது முழுக்க முழுக்கத் தாளில் இருந்த ஊர். ஆனால் பாயில் படுத்துக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சம் விழும் உத்தரத்தைப் பார்த்தபடி, எட்டாம் எண் குதிரை வளைவில் வெளிப்பக்கமாக விலகி வருவதை நான் கண்டிருக்கிறேன். பிற்காலத்தில் சங்கப் பாடல்களில் தேரும் புரவியும் வருமிடங்களை மனத்தில் ஓட்டிப் பார்க்க எனக்குச் சிரமம் இருந்ததே இல்லை.

*

1993இல் எல்லாம் முடிந்தது. எவ்வளவு கடன், யார் யாரிடம் என்பதெல்லாம் அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. தாய்மாமன்கள் இருவர் வந்தார்கள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு அமராவதிபுதூர் வந்து சேர்ந்தோம். மாமாக்கள் கடனை அடைத்ததற்கு வைத்த நிபந்தனை, அப்பா அய்யனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது.

எங்கள் பக்கத்து அய்யனார் கோயில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புரவியெடுப்பில் வேளார் வீட்டிலிருந்து தூக்கி வந்து நிறுத்திய மண்குதிரைகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். பழையவை காலுடைந்து, மூக்குடைந்து, மழையில் கரைந்துகொண்டிருக்கும். புதியவை சுண்ணாம்பும் காவியுமாகப் பளிச்சென்று இருக்கும். குதிரையைத் தொட மாட்டேன் என்று அத்தனை குதிரைகளுக்கு நடுவில் நின்று அப்பா சத்தியம் செய்தார். மாமாக்களுக்கு அதில் இருந்த வேடிக்கை தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை. ('மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாற்போல' என்ற பழமொழியில் வருவது குதிரையன்று, குதிர், அதாவது மணல்மேடு என்று ஒரு விளக்கம் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. குதிரை என்றே இருக்கட்டும்.)

திரும்பி வரும்போது அப்பா என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அந்தக் கடைசிக் குதிரைக்கு முன்னங்காலு ரெண்டும் சமமா இல்ல."

*

1996 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பின்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயப் பணயத்தையும் சூதாட்டத்துக்குள் கொண்டுவரும் சட்டத்திருத்தத்தைச் செய்தது. 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டமும் வந்தது. இரண்டும் வழக்காகி மேலே போயின. லட்சுமணன் வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். நீதிபதி குல்தீப் சிங் உள்ளிட்ட மூவர் அமர்வு, குதிரைப் பந்தயம் தற்செயலான ஆட்டம் அன்று, அதில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சூதாகாது என்று முடிவு செய்தது. குதிரையின் வேகம், தாங்கும் ஆற்றல், வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவை அறிந்து மதிப்பிடக் கூடியவை என்பது தீர்ப்பின் சாரம்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றார். மூன்று ஆண்டாக அந்தப் பேச்சையே எடுக்காதவர். "படிச்சியா? திறமையாம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு."

அம்மா திரும்பாமலே கேட்டாள்: "திறமைக்கு யாரு வட்டி கட்டுறது?"

அந்தத் துண்டு அப்புறம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. 2018இல் அப்பா காலமாகி, காரியங்கள் முடிந்து, மச்சு அறையை ஒழித்தபோது கிடைத்தது. அதோடு பதினாலு நோட்டுகள். நீளவாக்கில் தைத்த, சிவப்புத் துணி அட்டை போட்ட, கடைக் கணக்குக்குப் பயன்படும் அதே நீள நோட்டுகள். ஆண்டுக்கு ஒன்று, 1979 முதல் 1992 வரை. நான் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தியவை இல்லையா, தொலைந்தனவா என்று தெரியவில்லை.

பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு பந்தய நாள். இடப்பக்கம் அவருடைய தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். வலப்பக்கம் நடந்தது. 'எடை 3 கிலோ குறைவு. சென்ற முறை வழி அடைபட்டது.' 'தூரம் போதாது, ஆனால் எதிரில் ஆளில்லை.' 'தாய் நீள ஓட்டக்காரி. மகன் எப்படியோ.' தவறிப்போன இடங்களில் சிவப்பு மையில் 'என் பிழை' என்றோ, 'பிழையில்லை, ஜாக்கி தாமதம்' என்றோ எழுதியிருந்தார். இப்படி ஒரு நேர்மையான ஆராய்ச்சிக் குறிப்பை நான் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் அதிகம் பார்த்ததில்லை. மாணவர்களைக் குறை சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கோடை விடுமுறையில் நான் உட்கார்ந்து எண்ணினேன். அவர் முதலாவதாகக் குறித்த குதிரை வென்றது மூன்று பந்தயங்களில் ஒன்று என்ற கணக்குக்குச் சற்று மேலே இருந்தது. எல்லாரும் விரும்பிக் கட்டும் குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை வெல்லும் என்பது பந்தய உலகத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மண்ணடி ஒண்டுக்குடித்தனத்தில் பாயில் உட்கார்ந்து படித்த மனிதர், குதிரைகளை நேரில் காலையோட்டத்தில் பார்க்கும் வாய்ப்பே இல்லாதவர், ஊரே சேர்ந்து போட்ட கணக்குக்கு ஈடு கொடுத்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் வரை.

சாயங்காலம்தான் உறைத்தது. பதினாலு நோட்டுகளில் ஓர் இடத்திலும் ஒரு ரூபாய்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எதுவும் இல்லை. பிறர் பணத்துக்கு இருபத்தேழு ஆண்டு பைசா பிசகாமல் ஐந்தொகை போட்டவர், தம் சொந்தச் சிட்டையில் தொகைப் பத்தியே போடவில்லை. சரியா தவறா என்று மட்டும் எழுதியிருந்தார்.

தொகைப் பத்தி வேறிடத்தில் இருந்தது. அம்மாவின் பீரோவில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில். அடகுக் கடைச் சீட்டுகள். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் கேட்டேன், "இருக்கிற எடம் தெரியுமில்ல?" என்றாள். அவ்வளவுதான் அனுமதி. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, நோட்டுகளின் பக்கங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் இரண்டு ஏடுகளில் எழுதிய ஒரே கணக்கு அது. இருவரும் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்ததில்லை.

1989 ஜனவரியில் ஒரு பக்கம். அப்பாவின் மிகச் சிறந்த நாட்களில் ஒன்று. ஏழு பந்தயங்களில் நான்கில் அவர் முதலாவதாகக் குறித்தது வென்றிருக்கிறது. மூன்றாவதில் தொடங்கி ஆறாவது வரை தொடர்ச்சியாக நான்கு. பக்கத்தின் அடியில் இரட்டைக்கோடு போட்டிருக்கிறார், ஐந்தொகை நேரானால் போடுவதுபோல. மறுநாள் தேதியிட்ட சீட்டு: இரட்டைவடச் சங்கிலி ஒன்று. அம்மாவின் கல்யாணச் சங்கிலி. அது திரும்பி வரவேயில்லை.

நான்கு ஜெயித்த நாளுக்கு மறுநாள் ஏன் சங்கிலி போக வேண்டும்? பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இருந்த சிறு குறிகளை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று அவர் ஜாக்பாட் எடுத்திருக்கிறார். தொடர்ந்து வரும் ஐந்து பந்தயங்களில் ஐந்திலும் வெற்றிக் குதிரையைச் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு ஒரு குதிரை என்றால் ஒரு சீட்டு. எதற்கும் இருக்கட்டும் என்று பந்தயத்துக்கு இரண்டு குதிரை வைத்தால் 32 சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்று வைத்தால் 243. மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து பந்தயம், நான்கு வந்துவிட்டது. ஏழாவதில் அவர் வைத்த குதிரைகள் வரவில்லை. 'கழுத்தளவு' என்று எழுதியிருக்கிறார். நான்கு பொருத்தியவர்களுக்கு ஆறுதல் தொகை உண்டு. ஆனால் அந்த நான்கும் ஊரே கட்டிய ஃபேவரிட் குதிரைகள். நான்கு பொருத்தியவர்கள் கும்பல் கும்பலாக இருந்திருப்பார்கள். பங்கு போட்டால் ரயில் செலவுக்குக் காணுமோ என்னவோ.

இதுதான் தீர்ப்பில் இல்லாத பகுதி. டோட் என்ற முறையில் நாம் குதிரையோடு போட்டியிடுவதில்லை. பக்கத்தில் நிற்பவரோடு போட்டியிடுகிறோம். நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டினால் ஆயிரம். அதில் வரியும் கிளப்பின் பங்கும் கழிந்து எண்ணூறு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேர் ஒரே குதிரையைச் சொல்லி, அது வென்றால் தலைக்குப் பதினாறு ரூபாய். அந்தக் குதிரை இரண்டு முறைக்கு ஒரு முறை வெல்லுமென்றால், இருபது ரூபாய் கட்டியவர் கையில் பதினாறுதான் இருக்கும். அவருடைய கணிப்பு சரி. கைப்பணம் நஷ்டம். சரியாக வாசித்தால் மட்டும் போதாது, மற்றவர்கள் தவறாக வாசித்த இடத்தில் சரியாக வாசிக்க வேண்டும். அப்பாவுக்கு இது தெரியாதா? 'ஜெயிச்சத எல்லாரும் பாத்துருப்பாக' என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சொன்னவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த இரட்டைக்கோடு. அதை இரும்புக் கடையில் யாரும் பாராட்டவில்லை. பந்தயத் தாளில் ஒன்றரை நிமிடத்தில் உலகமே 'நீ சொன்னது சரி' என்றது. அதற்கு அவர் கட்டணம் செலுத்தினார். அம்மாவின் கழுத்திலிருந்து எடுத்துச் செலுத்தினார். இதை எழுதும்போது அவர் மீது எனக்கு இருக்கும் கோபம் தணிந்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலத்தை நான் வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் அவர் நினைவு வரும். பாண்டியன் கொடுத்த பணத்தை வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவருகிறார். மன்னனும் பார்த்து ஏற்றுக்கொள்கிறான். இரவில் லாயத்தில் ஊளைச் சத்தம். அந்தத் திருப்பெருந்துறைதான் எங்களுக்கு அதிகத் தொலைவில்லாத ஆவுடையார்கோயில். தூணில் குதிரைமேல் சிவன் இருக்கிறார். அங்கே போயிருந்தபோது அப்பா நெடுநேரம் அந்தக் குதிரையின் காலைப் பார்த்தபடி நின்றார். "பாண்டியனுக்கு அது நரின்னு தெரிய ஒரு ராத்திரி ஆச்சு. எனக்கு ஒன்றரை நிமிசத்துல தெரிஞ்சிரும்" என்றார். அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவருடைய பந்தயத்தைப் பற்றி அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

*

சத்தியத்தை அப்பா மீறவில்லை. ஆனால் அய்யனார் முன்னால் செய்த சத்தியம் குதிரையைப் பற்றியது. மாட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

சிவகங்கைச் சீமையில் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. தார்ச்சாலைதான் மைதானம். மாட்டின் அளவை ஒட்டிப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல் வைப்பார்கள், சிறியதற்கு ஐந்தோ ஆறோ. எல்லையில் கொடி வாங்கிக்கொண்டு திரும்பிவர வேண்டும். முதலில் கொடி வாங்கும் சாரதிக்குத் தனிப் பரிசு. ஊருக்கு வந்து இரண்டொரு ஆண்டில் அப்பா இந்தப் பந்தயங்களின் ஓரத்தில் நிற்கத் தொடங்கினார். பிறகு பையன்கள் "கணக்கப்பிள்ளை ஐயா, இன்னைக்கு எது?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அவர் பார்த்ததும் மற்றவர்கள் பார்த்ததும் வேறு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாட்டைச் சுழி வைத்துப் பார்ப்பார்கள். கோபுரச் சுழி நல்லது, பாடைச் சுழி ஆகாது, பூரான் சுழி மேலே ஏறினால் யோகம், கீழே இறங்கினால் கேடு. அப்பா சுழியைப் பற்றி வாதாட மாட்டார். "அது வீட்டுக்காரருக்கு உள்ள பலன். ரோட்டுக்கு உள்ளது வேற" என்பார். ஜோடி பூட்டும்போது நுகத்தடி எந்தப் பக்கம் சாய்கிறது, வலத்து மாட்டின் எட்டும் இடத்து மாட்டின் எட்டும் ஒத்துப் போகிறதா, எல்லையில் வண்டியைத் திருப்பும்போது உள்பக்க மாடு நின்று கொடுக்குமா என்று பார்ப்பார். சாரதியையும் பார்ப்பார். கொடிப் பரிசுக்கு ஆசைப்பட்டு முதல் பாதியில் மாட்டை அடித்து விரட்டுகிற ஆளா, கொடியை விட்டுக்கொடுத்து இரண்டாம் பாதிக்கு மூச்சை மிச்சம் வைக்கிற ஆளா? "கொடி வாங்குனவன் பெரும்பாலும் மொதல்ல திரும்ப மாட்டான் ஆத்தா." நாலாவதாக வந்த குதிரையைப் பார் என்றதன் மறுபாதி இது.

அவரிடம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு விதி இருந்தது. அவர் சொல்வதை வைத்து ஒரு டீக்குக்கூடப் பந்தயம் கட்டக் கூடாது. கட்டியது தெரிந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பையனிடம் பேச மாட்டார். ஒருமுறை ஒருவன் விளையாட்டாக ஐம்பது ரூபாய் கட்டி ஜெயித்து, அவருக்கு வேட்டி வாங்கி வந்தான். அப்பா அதை வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் அது திண்ணையில் இல்லை. அவனே எடுத்துப் போயிருக்க வேண்டும்.

2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. எங்கள் சாலை அமைதியாயிற்று. தார்க்குச்சி குத்தி, வாலைக் கடித்து மாட்டை ஓட்டியதை நானே கண்டிருக்கிறேன். ஆகையால் அந்தத் தீர்ப்பை எதிர்த்து உரக்கப் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்பாவும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் சாலை ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். 2017 ஜனவரியில் மெரினாப் போராட்டமும் அதைத் தொடர்ந்து சட்டத்திருத்தமும் வந்தபின் பந்தயங்கள் மறுபடி நடந்தன. (2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.) அந்த ஆண்டு அவருக்கு எழுபது. சர்க்கரை கண்ணைப் பாதித்திருந்தது. ஆட்டோவில் அழைத்துப்போய்ச் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாடுகள் நிழல்களாகத்தான் தெரிந்திருக்கும். நடுமாட்டுப் பிரிவு புறப்பட்டுப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது ஜோடி. குளம்புச் சத்தம் ஒண்ணா விழுகுது" என்றார்.

அது இரண்டாவதாக வந்தது. "என் பிழை" என்றார். அதற்கு அடுத்த ஆண்டு போய்விட்டார்.

*

நோட்டுகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஓன் இஷ்டம். எந்தலைக்கு மேல மச்சுல வேண்டாம்" என்றாள். இப்போது கல்லூரியில் என் அலமாரியில், அகராதிகளுக்குக் கீழே இருக்கின்றன. ஹார்லிக்ஸ் டப்பாவை அவள் தரவில்லை.

இந்த ஆண்டுத் திருவிழாவில் வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் எல்லைக் கோட்டுக்குப் போயின. அம்மா பந்தயம் பார்க்கிறவள் அல்லள். சத்தம் கேட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நிலைப்படியில் வந்து நின்றாள். ஒரு செவலை ஜோடி துள்ளிக்கொண்டு போனது. பையன்கள் விசில் அடித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மயிலை ஜோடி சத்தமில்லாமல் வந்தது.

"செவலைக்கு இப்பவே மூச்சு வாங்குது" என்றாள் அம்மா. "மயிலை வரும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒண்ணேகால் மணி நேரம் கழித்து, முடிவு என்ன ஆயிற்று என்று அவளே வந்து கேட்டாள்.